கிரீஸ் பட்ட பட்டு

லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தபோது, சேயோன் தன் வேனுக்குள் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெட்டியை அப்படியே மூடிவைத்துவிட்டு வண்டியை எடுத்தான். 2007ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியின் டுசல்டோர்ப் நகரத்தில் ஜப்பானியர்கள் கடை வைத்திருக்கும் தெருவுக்குப் பின்புறம், போருக்குப் பிறகு கட்டிய நாலுமாடிக் கட்டடம் ஒன்று. லிஃப்டுக்கும் ஏறக்குறையக் கட்டடத்தின் வயதுதான்.

சேயோனுக்கு இருபத்தாறு வயது. சிறுபிள்ளையாக யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் பக்கத்து எசன் நகரத்துக்கு வந்து, அங்கேயே படித்து, லிஃப்ட் திருத்தும் வேலை பழகியவன். லிஃப்டுக்குள் அகப்பட்டவர்கள் எப்படியெல்லாம் கத்துவார்கள் என்பது அவனுக்குப் பழக்கம். சிலர் கதவை உதைப்பார்கள். சிலர் வழக்குப் போடுவேன் என்பார்கள். ஒருவர் உரத்துப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு மூன்றாம் மாடியின் வெளிக்கதவைத் திறந்து காதைக் கொடுத்தபோது, அவன் ஒருநாளும் லிஃப்டுக்குள் கேட்டிராத ஒன்று கேட்டது. தமிழ்.

"இல்லம்மா, ஒண்ணும் ஆகல. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன், அவ்ளோதான். மூச்செல்லாம் நல்லா விட முடியுது. நீ அழாத. மாடி வீட்டு ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லிராத, ப்ளீஸ்."

சேயோன் உள்கதவில் தட்டினான். "பயப்பிடாதேங்கோ. நான் வந்திட்டன். மேலை போய் மோட்டரைச் சுத்திப்போட்டு வாறன். அதுமட்டும் ஆறுதலா இருங்கோ."

பிறகு அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது: "அம்மா, லிஃப்ட் தமிழ்ல பேசுது. நான் அப்புறம் கூப்பிடறேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் கூரைக்கு ஏறினான். இயந்திர அறையில் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, லிஃப்டை முடிந்தமட்டும் மேலே கொண்டுவந்தான். கைகள் இரண்டிலும் கறுப்புக் கிரீஸ் அப்பியது. துடைக்க நேரமில்லாமல் இறங்கி ஓடிவந்து உள்கதவை இழுத்துத் திறந்தான். லிஃப்டின் தரை அவன் நின்ற தளத்துக்கு இடுப்பளவு கீழே இருந்தது. அதில் ஜீன்ஸும் குர்த்தாவும் போட்ட ஒரு பெண், அவளைவிட அகலமான அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

"முதல்ல இத வாங்குங்க" என்றாள். "இதுக்கு முன்னாடி நான்லாம் ஒண்ணுமே இல்ல."

அவன் குனிந்து பெட்டியை வாங்கினான். பெட்டி சரிந்தது. மேலே மடித்துவைத்திருந்த சிவப்புப் பட்டு ஒன்று வழுக்கிக்கொண்டு, தளத்துக்கும் லிஃப்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியை நோக்கிப் போனது. அதற்குள் விழுந்தால் அடித்தளத்துக் குழிதான். அங்கே ஐம்பது வருட அழுக்குக் கிடந்தது. சேயோன் பெட்டியை விட்டுவிட்டு எட்டிப் பட்டைப் பிடித்தான். பிடித்துவிட்டோம் என்ற சந்தோசத்தில் அதை உயர்த்திக் காட்டினான்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு பட்டைப் பார்த்தான்.

"ஐயோ" என்றார்கள் இரண்டுபேரும். அதில் மட்டும் யாழ்ப்பாணமும் மதுரையும் ஒன்றாக இருந்தன.

அவள் பெயர் நிருபமா. மதுரைக்காரி. தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுத ஒப்பந்தத்தில் வந்து ஒரு வருடமாகிறது. அந்த மூன்றாம் மாடியில் மொரித்தா என்ற ஜப்பானியப் பெண்மணி பழைய கிமோனோக்களும் ஓபிகளும் விற்கும் கடை வைத்திருந்தார். கிமோனோவுக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற நீளமான பட்டுப்பட்டைதான் ஓபி. ஒருநாள் தெருவோரத்துக் காட்சிப் பெட்டியில் புள்ளி புள்ளியாக ஒரு ஓபியைக் கண்டு, 'நம்ம சுங்குடிச் சேலை இங்க எப்படி வந்துச்சு?' என்று நிருபமா ஏறி வந்திருக்கிறாள். அன்று முதல் சனிக்கிழமைகளில் சரக்கைப் பிரிக்கவும் அடுக்கவும் கூடமாட உதவிசெய்வது வழக்கமாகிவிட்டது.

மொரித்தா நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். கட்டையாக வெட்டிய முடி, பெரிய சிரிப்பு. அன்றைக்குச் சிரிக்கவில்லை. சிவப்பு ஓபியை மேசையில் விரித்துப் பார்த்தார். விறைப்பான சரிகை ஓபி அல்ல அது. மெல்லிய பட்டு, ஏறக்குறைய எண்பது வருடப் பழசு. பட்டைக் கிள்ளிக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் தோய்த்து, காய்ந்தபிறகு நூலை அவிழ்த்திருக்கிறார்கள். கட்டின இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிட்டது. ஒவ்வொரு புள்ளியும் சின்ன மொட்டுப்போல எழும்பியிருந்தது. ஓபி முழுவதும் அப்படி மொட்டுகள். அவற்றின் நடுவே, விரல்களும் உள்ளங்கையுமாக, சேயோனின் வலதுகை கறுப்பாகப் பதிந்திருந்தது.

"ஒரு கையால் பிடித்தீர்களே, அதுவரைக்கும் நல்லது" என்றார் மொரித்தா ஜெர்மன் மொழியில்.

சேயோனுக்கு நிலம் பிளந்தால் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிவிடலாம்போல இருந்தது. நிறுவனத்தில் சொல்லி ஏதாவது செய்யலாம் என்று திக்கித் திக்கிச் சொன்னான்.

"நிறுவனம் இதைக் கட்டி, தோய்த்து, அவிழ்த்துத் தருமா?"

"இல்லை."

"அப்படியானால் நீங்கள் வாருங்கள்" என்றார் அவர். விளையாட்டாகத்தான் சொன்னார். கறையின் மேல் மாவைத் தூவி வைப்பதாகவும் ஒரு வாரத்தில் எவ்வளவு போகிறது என்று பார்ப்பதாகவும் சொல்லி அனுப்பிவிட்டார்.

சேயோன் அடுத்த சனிக்கிழமை வந்து நின்றான். லிஃப்டைச் சோதிக்க வந்தேன் என்றான். லிஃப்ட் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிருபமா மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"லிஃப்டிலை வரலாமே" என்றான் அவன்.

"உங்கள நம்பியா?" என்றபடி அவள் தொடர்ந்து ஏறினாள்.

மாவு எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சியிருந்தது. கறை எடுக்கும் பென்சினில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்ததில் பிசுக்கு முழுவதும் போய்விட்டது. ஆனாலும் சாம்பல் நிறத்தில் கைத்தடம் அப்படியே தெரிந்தது. மூன்றுபேரும் மேசையைச் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள்.

நிருபமாதான் முதலில் பேசினாள். "இன்னொரு தடவை சாயத்துல போட்டா என்ன? புள்ளிங்க இன்னும் மொட்டு மாதிரி நிக்குதுல்ல. அதே இடத்துல திரும்ப நூல் கட்டிட்டு, நல்லா டார்க்கா நீல அவுரிச் சாயத்துல முக்கினா கறை உள்ள போயிரும். புள்ளி வெள்ளையாவே இருக்கும்."

சேயோன் அதை ஜெர்மனில் சொன்னான். மொரித்தா கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் ஜன்னலுக்குப் போனார். ஜப்பானில் பழைய உடுப்புகளைப் பிரித்து மறுசாயம் போடுவது புதிதில்லை, ஆனால் தான் ஒருநாளும் செய்ததில்லை என்றார். கட்டிச் சாயமிடுகிற வேலையை எப்போதோ ஒரு கோடை விடுமுறையில் பழகியதோடு சரி. பட்டு கிழிந்துபோகலாம். சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கலாம்.

"பிடித்தால்?" என்று கேட்டான் சேயோன்.

"கையில்லாத ஓபிக்குப் பதில் கையும் திட்டும் உள்ள ஓபி" என்றார் மொரித்தா. அப்போதுதான் அந்தப் பெரிய சிரிப்பை அவன் முதல்முறையாகக் கேட்டான். "சரி. கறையோடு பெட்டிக்குள் கிடப்பதைவிட இது மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டு. வாருங்கள்."

ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின. சேயோன் எசனிலிருந்து ரயிலில் வந்தான். வீட்டில், லிஃப்ட் வேலை இருக்கிறது என்று சொன்னான். அவன் தாய் புஸ்பவதி, "என்ரை பிள்ளை ஞாயிறும் வேலைக்குப் போறான்" என்று தெரிந்தவர்களிடமெல்லாம் பெருமைப்பட்டார். அதைக் கேட்கும்போது அவனுக்குக் காது சுடும்.

வேலை அவர்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. மொட்டின் நுனியை நகத்தால் கிள்ளி எடுக்கவேண்டும். விடாமல் நூலைச் சுற்றவேண்டும். இழுத்து முடிச்சுப் போடவேண்டும். பட்டு கிழியவும் கூடாது, முடிச்சு தளரவும் கூடாது. நிருபமா சுங்குடிச் சேலை கட்டியிருக்கிறாளே தவிர ஒரு முடிச்சும் போட்டதில்லை. அவள் கட்டியவை ஊதினால் அவிழ்ந்தன. மொரித்தா கட்டியவை இறுக்கமாக இருந்தன, ஆனால் இரண்டு மொட்டுகளுக்கு ஒன்று என்று சேர்த்துக் கட்டிவிட்டு வைதுகொண்டே பிரித்தார். சேயோனின் தடித்த விரல்களுக்கு மொட்டே அகப்படவில்லை. முதல் ஞாயிறு முடிந்தபோது மூன்றுபேரும் சேர்ந்து கட்டியது ஒரு கைக்குட்டையளவுகூட இல்லை.

இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் கை பழகியது. கை பழகியதும் வாய் திறந்தது.

"உங்களோடை ஒரு விசயம் கதைக்கோணும்" என்றான் சேயோன் ஒருநாள்.

"என்ன கதை? ராஜா கதையா, பேய்க் கதையா?"

"கதை இல்லை. கதைக்கிறது. பேசிறது."

"அப்ப பேசணும்னு சொல்லுங்க."

"எங்கடை வீட்டிலை பேசிறது எண்டா ஏசிறது."

நிருபமா நூலை வாயில் கடித்தபடி சிரித்தாள். "சரி, கதைங்க."

விசயம் ஒன்றுமில்லை. மதிய உணவுக்கு அம்மா தந்த புட்டு இரண்டுபேருக்குக் காணும், சாப்பிடுவீர்களா என்று கேட்கத்தான் அந்தப் பீடிகை. ஆனால் அது மூன்றுபேருக்குக் காணவேண்டியதாயிற்று, ஏனென்றால் மணம் பிடித்துக்கொண்டு மொரித்தாவும் தட்டோடு வந்துவிட்டார். அடுத்த ஞாயிறுகளில் அவன் தாயிடம், வேலையில் சரியான பசி என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டு வாங்கினான். தாய்க்கு மேலும் பெருமை.

நுனிகள் வெள்ளையாக இருந்த மொட்டுகளை மட்டுந்தான் கட்டினார்கள். கறை பட்ட இடத்து மொட்டுகளின் நுனி சாம்பலாகிவிட்டதால் அவற்றைக் கட்டிப் பயனில்லை. அங்கே சாயம் முழுவதும் மூடட்டும், புள்ளி இல்லாத வெறும் இடமாக இருக்கட்டும் என்று மொரித்தா சொன்னார். அவர் முகத்தில் அது பற்றிய கவலை இருந்தது. வேறு வழி ஒருவருக்கும் தோன்றவில்லை.

மே மாதக் கடைசியில், ஓபியின் பெரும்பகுதி முடிந்திருந்த ஒரு ஞாயிறு, நிருபமா சாதாரணமாகச் சொன்னாள்: "என் கான்ட்ராக்ட் ஜூலையோட முடியுது. சென்னை ஆபீஸுக்குத் திரும்பணும். அதுக்குள்ள இத முடிச்சிடலாம்ல?"

சேயோன் கையிலிருந்த நூல் அறுந்தது.

"முடிக்கலாம்" என்றான். வேறு நூலை எடுத்தான். அன்று மாலை ரயிலில் எசன் தாண்டிப் போகுமட்டும் அவனுக்கு இறங்கவேண்டும் என்ற நினைவு வரவில்லை.

சாயம் தோய்க்கும் நாள் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாக அமைந்தது. கட்டடத்தின் பின்முற்றத்தில் மொரித்தா ஒரு பெரிய பீப்பாயில் அவுரியைப் புளிக்கவைத்திருந்தார். அதன் மணத்துக்கு இரண்டாம் மாடிக்காரர்கள் ஜன்னல்களையெல்லாம் பூட்டிவிட்டார்கள். மேலே நீலநிற நுரை, உள்ளே மஞ்சளும் பச்சையும் கலந்த தண்ணீர். நீளமான ஓபியைக் கையால் இறக்கினால் ஒரு முனை முதலிலும் மறுமுனை பிந்தியும் நனையும், அதனால்தான் திட்டு விழும் என்று மொரித்தா கவலைப்பட்டிருந்தார். அதற்குச் சேயோன் ஒரு வழி செய்துகொண்டு வந்தான். கழித்துப்போட்ட இரண்டு கப்பிகளையும் ஒரு மெல்லிய கம்பிவடத்தையும் முற்றத்து இரும்புச் சட்டத்தில் பூட்டி, ஓபியைச் சுருள்சுருளாகத் தொங்கவிட்ட மூங்கில் வளையத்தை அதில் மாட்டினான். கைப்பிடியைச் சுற்றினால் வளையம் ஆடாமல் அசையாமல் பீப்பாய்க்குள் இறங்கியது.

"லிஃப்டா?" என்று கேட்டாள் நிருபமா.

"ஓம். ஆனா இது நடுவிலை நிக்காது."

வளையம் மேலே வந்தபோது சிவப்புப் பட்டு சேற்றுப் பச்சையாக இருந்தது. காற்றுப் படப்பட, கண்முன்னாலேயே பச்சை மறைந்து நீலம் எழுந்தது. நீலம் சிவப்போடு சேர்ந்து இருண்டது. மறுபடி இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். முடிச்சுகள் ஏதும் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் விரலால் தடவிப் பார்க்கவேண்டியிருந்தது. ரப்பர் கையுறையோடு நூல் தெரியவில்லை. முதலில் சேயோன் கழற்றி எறிந்தான். பிறகு நிருபமாவும் கழற்றினாள். மாலையானபோது பட்டு நல்ல கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. அவர்களுடைய கைகள் மணிக்கட்டுவரை நீலமாக இருந்தன. சவர்க்காரமும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தும் ஒன்றும் ஆகவில்லை.

"இரண்டு வாரத்தில் போய்விடும்" என்றார் மொரித்தா. அவர் மட்டும் கையுறையைக் கழற்றவில்லை.

மறுநாள் ஊன்ட்றொப் என்ற ஊரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயிலில் தேர். காலையில் எசன் வீட்டில் புஸ்பவதி மகனின் கைகளைக் கண்டார்.

"என்னடா இது? கையைக் காட்டு. ரத்த ஓட்டம் நிண்டிட்டுதோ?"

"மை அம்மா. பேனை உடைஞ்சு போச்சு."

"ரெண்டு கையிலுமோ பேனை பிடிச்சனீ?"

பேக்கரியில் வேலைசெய்யும் தகப்பன் நித்தியானந்தன் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "விடும். பெடியன் வேலையிலை முன்னேறுறான் போலை. எழுத்து வேலை குடுத்திருப்பாங்கள்" என்றார்.

தேருக்கு ஆயிரக்கணக்கில் சனம் வந்திருந்தது. கால்வாய் ஓரம் முழுவதும் சேலைகளும் குடைகளும் கற்பூரப் புகையும். பொலிஸ்காரர்கள் கார்களை வயலுக்குள் திருப்பிவிட்டுக்கொண்டு நின்றார்கள். சேயோன் வேட்டியோடு வடம் பிடிக்கப் போய்விட்டான். அலுவலகத் தோழிகளோடு நிருபமாவும் வந்திருந்தாள். தேரைப் பற்றி அவளுக்குச் சொன்னவன் சேயோன்தான். அவளைச் சனத்துக்குள் எப்படித் தேடுவது என்று வடத்தை இழுத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தான்.

அவன் தேட வேண்டியிருக்கவில்லை. தீர்த்தம் வாங்குகிற இடத்தில் புஸ்பவதிக்குப் பக்கத்தில் ஒரு கை நீண்டது. நீலக் கை.

புஸ்பவதி கையைப் பார்த்தார். கையிலிருந்து முகத்துக்குப் போனார்.

"பிள்ளைக்கும் பேனை உடைஞ்சதோ?" என்று கேட்டார்.

"பேனாவா? இல்ல ஆன்ட்டி, இது சாயம்" என்றாள் நிருபமா, யாரோ அன்பான பெரியம்மா என்று நினைத்து. "ஒரு பழைய ஜப்பான் பட்டுல கறை பட்டுடுச்சு. அத சரிபண்ணிட்டிருக்கோம். ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமைன்னா அதே வேலைதான்."

"ஞாயிற்றுக்கிழமையோ? ஆர் ஆர் செய்யிறியள்?"

"நானு, கடைக்காரம்மா, அப்புறம் ஒரு லிஃப்ட்காரர். அவர்தான் கறையாக்கினதே. ரொம்ப நல்லவர். அவங்க வீட்டுப் புட்டு இருக்கே ஆன்ட்டி, அப்படியொரு புட்டு நான் சாப்பிட்டதே இல்ல."

புஸ்பவதிக்குக் கோபம் ஒரு பக்கமும் பூரிப்பு ஒரு பக்கமுமாக வந்தது. பூரிப்பே வென்றது. "தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் கூடப் போடோணும் பிள்ளை, அதுதான் விசயம்" என்றார்.

நிருபமாவுக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. அந்தக் கணத்தில், வெற்றுமேலோடு வியர்த்து வழிய, நீலக் கைகளில் தேங்காய்த் துண்டோடு சேயோன் வந்து அவர்கள் முன்னால் நின்றான். தாயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தேங்காயை வாயில் போட்டுக்கொண்டான்.

"அடுத்த ஞாயிறு உன்ரை வேலைக்கு நானும் வாறன்" என்றார் புஸ்பவதி.

சொன்னபடியே வந்தார், புட்டோடும் கத்தரிக்காய்க் குழம்போடும். அன்றைக்கு நூலை அவிழ்க்கும் நாள். கட்டி முடிக்க இரண்டு மாதம் பிடித்தது, அவிழ்ப்பது விளையாட்டுப்போல நடந்தது. பட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் பட்பட்டென்று தெறித்துப் பறந்தன. புஸ்பவதிக்கு அது சரியாகப் பிடித்துவிட்டது. "விடுங்கோ, நான் இழுக்கிறன்" என்று மொரித்தாவையே விலக்கிவிட்டு இழுத்தார். நூல் துண்டுகள் நால்வரின் தலையிலும் விழுந்தன. கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக வெளியே வந்தன. சிவப்பின் சாயல் உள்ளே எங்கோ மினுங்கியது. திட்டு எங்கும் இல்லை.

கறை இருந்த இடம் வந்தது. கறையைக் காணோம். ஆனால் புள்ளிகளின் நடுவே ஒரு வெறும் இடம் விழுந்திருந்தது. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் மொரித்தாவும் நிருபமாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சேயோன் தன் கையை ஒளித்துக்கொண்டான்.

"இதென்ன, இலையோ?" என்றார் புஸ்பவதி. "இஞ்சை ஒக்டோபரிலை ரோட்டெல்லாம் விழுமே, அஞ்சு விரல் மாதிரி, அந்த இலை. வடிவாக் கிடக்குது."

சேயோன் மொழிபெயர்த்தான். மொரித்தா எட்டிப் பார்த்தார். ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்தார். அப்புறம் மேசையில் ஓங்கி அடித்துச் சிரித்தார். மேப்பிள் இலை! ஓபிகளில் எவ்வளவோ பேர் ஆசைப்பட்டுப் போடுகிற கோலம் அது. இங்கே ஒரு லிஃப்ட்காரரின் கை அதைப் போட்டிருக்கிறது. "உங்கள் கை எனக்கு வேண்டும். கடையிலேயே வைத்துக்கொள்கிறேன்" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. கேல்ன் நகரத்திலிருந்து ஒரு ஜப்பானியப் பெண் பல் மருத்துவர், கடை பூட்டிய நாளிலும் அவரை மொரித்தா வரச்சொல்லியிருந்தாராம். அவர் வேறு ஏதோ கிமோனோ பார்க்கத்தான் வந்தார். மேசையில் விரித்திருந்த ஓபியைக் கண்டதும் அதைவிட்டு நகரவில்லை. இலையை விரலால் தடவினார். இரண்டு பெண்மணிகளும் ஜப்பானிய மொழியில் கொஞ்சநேரம் குனிந்து குனிந்து பேசினார்கள். பிறகு ஓபி மெல்லிய தாளில் சுற்றப்பட்டு, மருத்துவரின் கைப்பைக்குள் போய், லிஃப்டில் இறங்கிவிட்டது.

நிருபமாவின் வாய் திறந்தபடி இருந்தது. "வித்துட்டீங்களா?"

"நான் கடை வைத்திருக்கிறேன்" என்றார் மொரித்தா, கத்தரிக்காயை எடுத்தபடி. "ஓபி இடுப்பில் இருக்கவேண்டியது. பெட்டிக்குள் அல்ல."

அது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் படியில் இறங்கும்போது சேயோனுக்கு ஏதோ பறிபோனது போலிருந்தது. ஓபி போனதல்ல விசயம். அடுத்த ஞாயிறு டுசல்டோர்ப்புக்கு வருவதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. தெருவுக்கு வந்ததும் புஸ்பவதி, எதிரிலிருந்த கடையில் நல்ல முள்ளங்கி கிடக்கிறது, அதை ஆறுதலாகப் பார்த்து எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வீதியைக் கடந்து போனார். அந்தக் கடை பூட்டியிருந்தது. அவர் கண்ணாடியூடாக முள்ளங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லிஃப்ட் நல்லா இருக்குது" என்றான் சேயோன். "பிரேக்கை மாத்திப்போட்டன். இனி நிக்காது."

"ஏன் மாத்தினீங்க?" என்றாள் நிருபமா.

அவன் அவளைப் பார்த்தான். அவள் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் நகங்களில் மட்டும் மிச்சமிருந்தது.

"நீங்கள் போகாமல் இருக்க ஏலாதோ?" என்று கேட்டுவிட்டான். கேட்டபிறகு நிறுத்த முடியவில்லை. "எனக்கு விருப்பம், நீங்கள் இஞ்சை இருக்கிறது. ஓபிக்காக இல்லை. எனக்காக. உங்களுக்கும் விருப்பம் எண்டா."

"வெள்ளிக்கிழமையே மெயில் வந்துடுச்சு" என்றாள் அவள். "ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன். சாயம் முக்கின மறுநாளுக்கு மறுநாள் மேனேஜர்கிட்ட கேட்டேன்."

"சொல்லவே இல்லை!"

"நீங்க கேக்கறீங்களான்னு பாத்தேன்."

"கேக்காமல் விட்டிருந்தா?"

"நானே கேட்டிருப்பேன். ஆனா உங்கள ரெண்டு வாரமாவது தவிக்க விட்டுட்டுத்தான்."

வீதிக்கு அந்தப்பக்கம் புஸ்பவதி கண்ணாடியில் இவர்களுடைய நிழலைப் பார்த்திருக்கவேண்டும். இரண்டுபேரும் சிரித்ததும் முள்ளங்கியில் உடனே ஆர்வம் போய்விட்டது, விறுவிறென்று திரும்பி வந்து, "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார்.

தீபாவளிக்கு நிருபமா எசனுக்கு வந்திருந்தபோது, மதுரையிலிருந்த அவள் தாய் வேதவல்லியோடு முதல்முறையாகப் புஸ்பவதி தொலைபேசியில் பேசினார். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டிருந்தார்கள்.

"உங்கடை மகள் சரியான சோக்கான பிள்ளை" என்று தொடங்கினார் புஸ்பவதி, தன்னால் முடிந்த மிகப்பெரிய பாராட்டாக.

"ஷோக்கெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றது வேதவல்லியின் குரல், கொஞ்சம் இறுகி. "வேலைக்குப் போறா, அதனால ஏதோ நல்லதா நாலு டிரஸ் போடுவா. மத்தபடி அடக்கமான பொண்ணு."

புஸ்பவதி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டார். "மனிசி ஏன் கோவிக்கிறா?"

"அம்மா, சோக்குன்னா இங்க அருமைன்னு அர்த்தம்" என்று நிருபமா அந்தப்பக்கத்துக்குக் கத்தினாள். "ஷோக்கு எண்டா அங்கை மினுக்கிறது" என்று சேயோன் இந்தப்பக்கத்துக்குச் சொன்னான். இரண்டு தாய்மாரும் ஒரே நேரத்தில் "ஐயையோ" என்றார்கள். பிறகு இருவருமே சிரித்தார்கள். அதற்குமேல் பிள்ளைகள் தேவைப்படவில்லை. நித்தியானந்தன் இரண்டாவது தேத்தண்ணியும் குடித்துமுடித்தார். பேச்சு மதுரை மழைக்கும் எசன் பனிக்கும் போய், கலியாணப் பொன்னுருக்குக்கும் தாலிக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"அப்ப தை பிறந்ததும் நாங்கள் மதுரைக்கு வாறம்" என்றார் புஸ்பவதி, தங்கும் நாட்களை விரலில் எண்ணியபடி. "ஒரு மாசம் நிப்பம்."

"எதுக்குங்க நிக்கணும்?" என்றார் வேதவல்லி பதறிப்போய். "நம்ம வீடு பெரிய வீடுதான். நல்லா தாராளமா உக்காருங்க."